கொடுமுடி கோகிலம் கே.பி.சுந்தராம்பாள்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் "நான் மதிக்கும் பெண்" என்ற தலைப்பில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு முன்னாடி பேசினவங்க அன்னை தெரசா பற்றியும், கல்பனா சாவ்லா பற்றியும் நல்லாப் பேசினாங்க. நான் நம்ம பக்கத்து ஆளைப் பற்றிப் பேசலாம்னு வந்திருக்கேன். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. எழுதி வச்சதைப் பார்த்துத்தான் பேசுறேன், தப்பா நினைக்காதீங்க.

நம்ம ஊர்க் கோயில்ல நோம்பி சாட்டினா விடியற்காலம் நாலு மணிக்கு மைக் செட்காரர் முதல்ல யாரு பாட்டைப் போடுவார்? விநாயகர் பாட்டு முடிஞ்சதும் ஒரு அம்மா குரல் வரும். கணீர்னு, வெண்கல மணி அடிச்ச மாதிரி. தூங்குற பிள்ளைகூட புரண்டு படுக்கும். பழனிக்குப் பாதயாத்திரை போறவங்க நடக்கிறது அந்தக் குரலைக் கேட்டுக்கிட்டுத்தான். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரங்க கே.பி.சுந்தராம்பாள். "கே" என்றால் கொடுமுடி. "பி" என்றால் பாலாம்பாள். அது அவங்க அம்மா பெயர். அப்பா பெயரைத்தான் முன்னாடி போடணும்னு இருக்கிற ஊரில், அந்தக் காலத்திலேயே அம்மா பெயரை முன்னாடி போட்டுக்கிட்டு அந்தப் பெயரிலேயே பெரிய ஆளானவங்க.

1908ஆம் வருஷம் அக்டோபர் மாசம் காவிரிக்கரையில் கொடுமுடியில் பிறந்தாங்க. சின்ன வயசிலேயே அப்பா இல்லை. மூணு பிள்ளைகளை வச்சுக்கிட்டு அந்த அம்மா பாலாம்பாள் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. வீட்டில் அரிசிக்கு வழி இல்லாதப்ப, சுந்தராம்பாள் ரயில்ல பாடிக் காசு வாங்கினாங்கன்னு நம்ம பக்கத்துப் பெரியவங்க சொல்லுவாங்க. அப்படிப் பாடினப்ப, திருச்சியில் நாடகத்தில் ஈடுபாடு உள்ள ரயில்வே அதிகாரி நடேச ஐயர் கேட்டார், அவர்தான் நாடகத்துக்கு வழி காட்டினார் என்பது எல்லாரும் சொல்லுற கதை. வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தாங்க. நல்லதங்காள் நாடகத்தில் பசியில் அழுகிற பிள்ளை வேஷம். பசி என்னன்னு தெரிஞ்ச பிள்ளைக்கு அந்த வேஷம். அதுக்குத் தனியா யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டி இருந்திருக்காது.

அந்தக் காலத்து நாடகம் எப்படி நடந்ததுன்னு நம்ம இளம் பிள்ளைகளுக்குத் தெரியாது. என் அம்மாயி சொல்லிக் கேட்டிருக்கேன், அப்புறம் நானும் நூலகத்தில் படிச்சேன். ராத்திரி சாப்பிட்டு வந்து உட்கார்ந்தா விடியற வரைக்கும் நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் மாதிரி நாடகங்கள். "ஸ்பெஷல் நாடகம்" என்று ஒரு முறை உண்டு. வேலன் வேஷக்காரர் ஒரு ஊரில் இருந்து வருவார், வள்ளி வேஷக்காரி இன்னொரு ஊரில் இருந்து வருவாங்க, ஆர்மோனியக்காரர் வேற ஊர். எல்லாரும் அன்னைக்கு ராத்திரி மேடையில்தான் சந்திப்பாங்க. ஒத்திகை கிடையாது. பாட்டும் வசனமும் மனப்பாடமா இருக்கணும். எதிராளி கூடுதலா ஒரு கேள்வி கேட்டா, பாட்டிலேயே அங்கேயே பதில் சொல்லணும். சொல்லத் தெரியலைன்னா ஜனங்க கூச்சல் போட்டு இறக்கி விட்டுருவாங்க.

இதெல்லாம் மைக் இல்லாத காலம். ஆயிரம் பேர் கூடி இருக்கிற கொட்டகையில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் வார்த்தை கேட்கணும். அதனாலதான் அவங்க பாட்டு எல்லாம் உச்சத்தில் இருக்கும். ஆர்மோனியத்தில் மேல் கட்டையில் சுருதி வச்சு, அடிவயித்தில் இருந்து மூச்செடுத்து, ஒரு வார்த்தை சிதையாமல் பாடுவாங்க. இன்னைக்கு மைக்கைக் கையில் கொடுத்தாலும் நமக்குக் குரல் தொண்டையோடு நின்னுருது. நம்ம குழுக் கூட்டத்தில் வட்டியைப் பற்றி ஒரு கேள்வி கேட்கச் சொன்னாலே பக்கத்து அக்காவை இடிச்சு, "நீ கேளு, நீ கேளு"ன்னு சொல்லுவோம். அவங்க விடிய விடிய ஆயிரம் பேருக்கு முன்னாடி கேள்வி கேட்டுப் பதில் சொன்னவங்க.

நாடகத்துக்குப் போற பொம்பளைக்கு அன்னைக்கு ஊரில் என்ன மரியாதை இருந்திருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. பாட்டைக் கேட்க ராத்திரி முழுக்க உட்காருவாங்க, காலையில் "கூத்தாடி"ன்னு ஒரு வார்த்தையில் முடிச்சிருவாங்க. அந்தப் பேச்சை எல்லாம் தாண்டி அவங்க கடல் தாண்டி இலங்கைக்கும் போய் நடிச்சாங்க. அங்கே இருந்த தமிழ் ஜனங்க நாடகம்னா உயிரை விடுவாங்களாம்.

இலங்கையிலதான் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு சேர்ந்து நடிச்சாங்க. கிட்டப்பா செங்கோட்டைக்காரர். அவர் பாடினாலும் கூட்டம் கட்டுக்கடங்காது. இரண்டு பேரும் ஒரே மேடையில் போட்டி போட்டுப் பாடினால் கேட்கணுமா? வள்ளி திருமணம் அந்தக் கடல் கரையிலும் ஓடுச்சு, இந்தக் கடல் கரையிலும் ஓடுச்சு. 1927இல் இரண்டு பேரும் கல்யாணம் செய்துக்கிட்டாங்க. கிட்டப்பாவுக்கு முன்னமே கல்யாணம் ஆகி இருந்தது. சாதியும் வேற. அதில் நியாயம் எது அநியாயம் எதுன்னு தீர்ப்புச் சொல்ல நான் வரலைங்க. அந்த வாழ்க்கையில் சந்தோஷம் கொஞ்ச நாள், மனஸ்தாபம் பல நாள். அவங்க ஒருத்தருக்கொருத்தர் எழுதின கடிதங்கள் புத்தகங்களில் வந்திருக்கு. மேடையில் ராணி மாதிரி நின்ன பொம்பளை, வீட்டுக்காரர் கடிதத்துக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. எவ்வளவு சம்பாதிச்சாலும் நம்ம வீட்டுக் கஷ்டம் நம்ம வீட்டுக் கஷ்டம்தான்.

1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா இறந்துட்டார். அவருக்கு முப்பது வயசுகூட ஆகலை. சுந்தராம்பாளுக்கு இருபத்தஞ்சு. கல்யாணம் ஆகி ஆறே வருஷம்.

அன்னையில் இருந்து வெள்ளைச் சேலை. நெத்தி நிறைய திருநீறு. கழுத்தில் மணி மாலை. இனிமேல் எந்த ஆம்பளையோடும் ஜோடியாக நடிக்க மாட்டேன் என்று முடிவு எடுத்தாங்க. கடைசி வரைக்கும் அதை மாத்தவே இல்லை.

இந்த இடத்தில் நிறுத்தி ஒண்ணு சொல்லணும். அவங்களைப் பற்றிப் பேசுற எல்லாரும் இந்த வெள்ளைச் சேலையைப் பெருமையாப் பேசுவாங்க. "பத்தினின்னா அப்படி இருக்கணும்"னு நமக்குப் புத்தி சொல்லுவாங்க. எனக்கு அதில் சம்மதம் இல்லைங்க. அவங்க கட்டினது அவங்க மனசு சொன்னபடி. அவங்க விரதம் அவங்களோடது. அதை எடுத்து வந்து நம்ம ஊரில் இருபத்தஞ்சு வயசில் புருஷனைப் பறிகொடுத்த பிள்ளை தலையில் வைக்கக் கூடாது. அவங்க கிட்ட இருந்து நாம எடுத்துக்க வேண்டியது அதுக்குப் பிறகு அவங்க செஞ்சது.

என்ன செஞ்சாங்க? கொஞ்ச நாள் வீட்டோடு இருந்தாங்க. அப்புறம் வெளியே வந்தாங்க. சத்தியமூர்த்தி மாதிரி காங்கிரஸ் தலைவர்கள் வந்து, "உங்க குரல் நாட்டுக்கு வேணும்"னு கூப்பிட்டாங்க. சுதந்திரப் போராட்ட மேடைகளில் பாடினாங்க, தேர்தல் பிரச்சாரத்தில் பாடினாங்க. தலைவர் பேச வர்றதுக்கு முன்னாடி கூட்டத்தைக் கூட்டினது அவங்க பாட்டுத்தான். காந்தியடிகள் கொடுமுடி வழியா வந்தப்ப அவங்க வீட்டில் தங்கத் தட்டில் சாப்பாடு போட்டாங்களாம். "சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா?"ன்னு அவர் கேட்டாராம். அந்தத் தட்டையும் தூக்கிக் கொடுத்துட்டாங்களாம். இந்தக் கதையை நம்ம பக்கம் இன்னும் சொல்லுவாங்க.

1935இல் "பக்த நந்தனார்" என்று ஒரு பேசும் படம். பேசும் படம் வந்து நாலஞ்சு வருஷம்தான் ஆகி இருந்தது. நந்தனாராக நடிக்க சுந்தராம்பாளைக் கூப்பிட்டாங்க. அது ஆம்பளை வேஷம். அவங்க விரதத்துக்கும் குறை இல்லை. அதுக்கு அவங்க வாங்கின சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அவங்களுக்கு நடிக்க இஷ்டம் இல்லாம, தட்டிக் கழிக்கத்தான் அவ்வளவு பெரிய தொகை கேட்டாங்களாம், படம் எடுத்தவர் சரின்னு சொல்லிட்டாராம். அந்தப் படத்தில் வேதியராக நடிச்சவர் பெரிய சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். அத்தனை பெரிய வித்வான் இருந்த படத்தில் ஒரு லட்சம் வாங்கினது நாடகக்காரப் பொம்பளை.

ஒரு லட்சம்னா என்னன்னு நமக்குத்தான் தெரியும். எங்க குழுவில் 15 பேர். மாசம் ஆளுக்கு 100 ரூபாய் சேமிப்பு. வட்டி சேர்க்காம வெறும் சேமிப்பு மட்டும் ஒரு லட்சத்தைத் தொட எங்களுக்கு அஞ்சரை வருஷத்துக்கு மேல ஆச்சு. அது இந்தக் காலத்து லட்சம். அவங்க வாங்கினது ரூபாய்க்குப் படி படியா அரிசி வாங்கின காலத்து லட்சம்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கு. நம்ம வேலைக்கு நாம விலை சொல்லக் கூச்சப்படுறோம். தையல் போடுற அக்கா கிட்ட "எவ்வளவு?"ன்னு கேட்டா, "நீங்க பார்த்துக் கொடுங்க"ன்னு சொல்லுறாங்க. பார்த்துக் கொடுக்கிறவங்க எப்பவும் குறைச்சுத்தான் பார்ப்பாங்க. மசாலாப் பொடி அரைச்சு விக்கிற நம்ம குழுக்காரங்க, மிளகாய் விலை, அரவைக் கூலி எல்லாம் கணக்குப் போடுறாங்க. தன் கைக்கூலியைப் போடறதில்லை. சுந்தராம்பாள் மாதிரி லட்சம் கேட்க வேண்டாம். நம்ம கூலியையும் கணக்கில் எழுதினா போதும்.

1940இல் "மணிமேகலை" படம். அப்புறம் 1953இல் ஜெமினி ஸ்டுடியோ எஸ்.எஸ்.வாசன் எடுத்த "ஔவையார்". கொத்தமங்கலம் சுப்பு இயக்கினது. அப்ப அவங்களுக்கு நாற்பத்தஞ்சு வயசு. சினிமாவில் அந்த வயசு வந்தா பொம்பளைக்கு வேலை இல்லைன்னு சொல்லுவாங்க. அவங்களுக்கு அதுக்கு மேலதான் பெரிய பெயரே வந்தது. இன்னைக்கு நம்ம பிள்ளைகளைப் பாடப் புத்தகம் இல்லாம ஔவையாரை வரையச் சொன்னா, சுந்தராம்பாள் முகத்தைத்தான் வரையுது. ஔவை எப்படி இருந்தாங்கன்னு பார்த்தவங்க யாரும் இல்லை. தமிழ்நாட்டுக்கு ஔவைன்னா இவங்கதான்னு ஆகிப் போச்சு.

1964இல் "பூம்புகார்". அதில் கவுந்தியடிகள். 1965இல் "திருவிளையாடல்". அதில் மறுபடியும் ஔவை. அப்ப வயசு ஐம்பத்தாறு ஐம்பத்தேழு இருக்கும். சிவாஜி, சாவித்திரி எல்லாம் நடிச்ச படத்தில் பழத்துக்காகக் கோவிச்சுக்கிட்டுப் போன பிள்ளை முருகனை ஔவை சமாதானம் செய்யற இடம் நம்ம யாருக்கும் மறக்காது. 1967இல் "கந்தன் கருணை". 1969இல் "துணைவன்". அந்தப் படத்தில் பாடினதுக்கு நாட்டிலேயே சிறந்த பின்னணிப் பாடகின்னு தேசிய விருது. அப்ப வயசு அறுபது தாண்டி இருந்தது. 1970இல் பத்மஸ்ரீ. மொத்தமே பத்துப் பன்னிரண்டு படம்தான் நடிச்சிருப்பாங்க. 1980இல் எழுபது வயசு தாண்டி இறந்தாங்க.

இதுக்கு நடுவில் சென்னை சட்ட மேலவையில் உறுப்பினராகவும் இருந்தாங்க. இந்தியாவிலேயே சட்ட சபைக்குள் போன முதல் சினிமாக் கலைஞர்னு எழுதுறாங்க. நடிகர்கள் முதலமைச்சர் ஆனதைப் பார்த்தவங்க நாம. அந்தக் கதவைத் திறந்து முதல்ல உள்ளே போனது வெள்ளைச் சேலை கட்டின ஒரு கொடுமுடிக்காரப் பொம்பளை. நம்மில் பல பேர் இன்னைக்கு வார்டு உறுப்பினரா இருக்கீங்க. அந்தப் பட்டியலில் அவங்க நம்மளுக்கு முன்னாடி இருக்கிறவங்க.

சரி, இத்தனையும் எதுக்குச் சொன்னேன்னா, ஒரு விஷயம் கேட்கத்தான்.

நம்ம ஊரில் வெளியே கிளம்பும்போது எதிரில் தாலி இல்லாத பொம்பளை வந்தா ஒரு நிமிஷம் திண்ணையில் உட்கார்ந்துட்டுப் போறவங்க இருக்காங்க. கல்யாண வீட்டில் சமையல் கட்டில் நாள் முழுக்க வெங்காயம் உரிச்சுக் கொடுத்த அக்கா, முகூர்த்த நேரத்தில் தூண் மறைவில் நிக்கிறாங்க. வளைகாப்புக்குச் சீர்த் தட்டு வாங்கிக் கொடுத்த அத்தை, வளையல் போட வர்றதில்லை. யாரும் போகச் சொல்லலை. அவங்களா ஒதுங்கிக்கிறாங்க. ஒதுங்கலைன்னா என்ன பேச்சு வரும்னு அவங்களுக்குத் தெரியும்.

அதே ஊரில்தான், நோம்பிக்கு முதல் பாட்டு சுந்தராம்பாள் பாட்டு. கும்பாபிஷேகத்துக்கு அவங்க பாட்டு. புது வீடு குடி போனால் பால் காய்ச்சுற நேரத்தில் அவங்க பாட்டு. புதுசா வாங்கின மினி பஸ்ஸில் பூஜை போட்டு முதல் டிரிப் கிளம்புறப்ப டிரைவர் அண்ணன் போடுறது அவங்க பாட்டு. நல்லா யோசிச்சுப் பாருங்க. இருபத்தஞ்சு வயசில் இருந்து எழுபது வயசு வரைக்கும் வெள்ளைச் சேலையிலேயே இருந்த அம்மா அவங்க. அவங்க குரல் கேட்டுத்தான் நம்ம ஊரில் எல்லா நல்ல காரியமும் ஆரம்பிக்குது. முருகனுக்கு அவங்க குரல் ஆகாதுன்னு எந்தப் பூசாரியும் சொன்னதில்லை. குரல் வந்தா நல்ல சகுனம், ஆள் எதிரில் வந்தா கெட்ட சகுனமா? இதை நான் யாரையும் குத்திக் காட்டச் சொல்லலை. எனக்கே பதில் தெரியாமல்தான் கேட்கிறேன்.

எங்க குழுவில் ஒரு அக்கா இருக்காங்க. பெயர் சொல்ல மாட்டேன், அவங்களுக்குக் கூச்சமா இருக்கும். வீட்டுக்காரர் விபத்தில் போய் எட்டு வருஷம் ஆச்சு. இரண்டு பிள்ளைகளையும் படிக்க வச்சுட்டாங்க. உள்கடன் வாங்கி இரண்டு கறவை மாடு பிடிச்சாங்க. ஒரு தவணைகூட நின்னதில்லை. எங்க குழு வங்கியில் நல்ல பெயர் எடுத்ததுக்கு அவங்க கணக்கு நோட்டு ஒரு காரணம். அந்த அக்கா மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போது பாடுவாங்க. நல்ல குரல். ஆனா நம்ம விழாவில் கடவுள் வாழ்த்துப் பாடச் சொன்னா வர்றதில்லை. "நான் எதுக்கு முதல்ல நிக்கணும், வேற யாரையாவது பாடச் சொல்லு சாமி"ன்னு ஒதுங்கிருவாங்க. இன்னைக்கும் பின் வரிசையில்தான் உட்கார்ந்திருக்காங்க. அவங்க மாதிரி நம்ம கூட்டமைப்பில் ஒவ்வொரு குழுவிலும் ஒருத்தர் இரண்டு பேர் இருக்காங்க. உங்களுக்கே தெரியும்.

சேமிப்பில் அவங்க பணமும் நம்ம பணமும் ஒரே பாஸ்புக்கில் இருக்கு. தீர்மானப் புத்தகத்தில் அவங்க கையெழுத்தும் நம்ம கையெழுத்தும் அடுத்தடுத்து இருக்கு. கடன் கட்ட ஆகும், கணக்கு எழுத ஆகும், வங்கிக்கு அலைய ஆகும். குத்துவிளக்கு ஏத்த மட்டும் ஆகாதா?

அதனால நான் கேட்டுக்கிறது ஒண்ணுதாங்க. அடுத்த மாசக் கூட்டமைப்புக் கூட்டத்தில் இதை ஒரு பொருளா வச்சுப் பேசணும். அடுத்த ஆண்டு விழாவில் முதல் திரியை ஏத்துறது, கடவுள் வாழ்த்துப் பாடுறது இரண்டுக்கும், கணவரை இழந்த நம்ம உறுப்பினர்களையும் முறை வச்சுக் கூப்பிடணும். யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். வர இஷ்டம் உள்ளவங்க வரட்டும். கூப்பிடாமலே இருக்கிறதை மட்டும் நாம நிறுத்தணும். வீட்டில் பெரியவங்க "சாங்கியம் கெட்டுப் போச்சு"ன்னு சொல்லுவாங்க. சொல்லட்டும். நாம குழு ஆரம்பிச்சப்பவும் "பொம்பளைக்கு பேங்க்ல என்ன வேலை"ன்னு சொன்னவங்கதான். இன்னைக்கு அவங்களே பேரன் படிப்புக்குக் கடன் கேட்டு நம்ம கிட்ட வர்றாங்க. பேச்சு மாறும். கொஞ்சம் நாளாகும்.

அப்புறம் பாடத் தெரிஞ்ச அக்காமார்களுக்கு ஒரு வார்த்தை. நாற்பத்தஞ்சு வயசில் ஔவையாராக வந்து, அறுபது வயசில் தேசிய விருது வாங்கின அம்மா பிறந்தது நம்ம காவிரிக் கரையில். தொண்டை நல்லா இருக்கிற வரைக்கும் பாட்டை அடக்கி வைக்காதீங்க. நம்ம பிள்ளைகளுக்கும் அந்த அம்மா பாட்டு எதுன்னு, அவங்க யாருன்னு சொல்லிக் கொடுங்க. மைக் செட்டில் கேட்கிற குரலுக்குப் பின்னாடி ஒரு பெண்ணோட உழைப்பு இருக்குன்னு தெரியட்டும்.

நேரம் ஆச்சுன்னு செயலாளர் அக்கா கை காட்டுறாங்க. என் பேச்சில் குறை இருந்தா பெரியவங்க பொறுத்துக்கணும்.